ஜேர்மனிக்கு ஓ-பேராகப் போகிறேன்: அம்மாவின் பயத்துக்கு என்ன மருந்து, பெட்டிக்குள் என்ன சாமான்?

உப்புவெளி_பிள்ளை | 12 யூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருசமாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். இப்போது எழுத வேண்டிய தேவை வந்துவிட்டது.

எனக்கு 22 வயது. ஏ.எல். முடித்துவிட்டு ஒரு முன்பள்ளியில் படிப்பித்தேன். ஜேர்மன் ஏ1 (ஆரம்ப மட்டம்) பரீட்சை எழுதி 81 புள்ளி எடுத்தேன் (60 எடுத்தால் பாஸ்). அதன்பிறகு ஓ-பேராக, அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆளாக, போக ஒரு குடும்பம் கிடைத்தது. டோர்ட்முண்டுக்குக் கிழக்கே, சோஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் சின்ன இடம். ஆறு வயதுப் பெண்பிள்ளை, மூன்று வயதுப் பொடியன். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறவர்கள். வீடியோவில் ஐந்து தரம் கதைத்துவிட்டோம். வீசா போன கிழமை வந்தது. ஓகஸ்ட் 22 இரவு கட்டுநாயக்கவில் ஏறி, டோஹா மாறி, பிராங்பேர்ட். அங்கிருந்து ரயில். கொழும்புக்கு அப்பால் நான் எங்கும் போனதில்லை.

அம்மாதான் பிரச்சினை. "ஆரெண்டே தெரியாத வீட்டில ஒரு வருசமா?" என்பதை விடிய ஒருதரம், படுக்க முதல் ஒருதரம் கேட்கிறா. போன மாதம் 23 ஆம் திகதி கட்டார் வான்வெளியை மூடினார்களே, அன்றிலிருந்து டோஹா என்ற சொல் காதில் விழுந்தாலே சாமியறைக்குள் போய்விடுகிறா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. மீன் விற்றுவிட்டு வந்து கை கழுவும்போது ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அவையள் மீன் சாப்பிடுவினமோ?"

போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே போய் அவர்களை என்னவென்று கூப்பிடுவது? கருவாடு கொண்டு போகலாமா? வேலை என்று சொல்லி ஏமாற்றுவார்களா?


பாலையூற்று_அக்கா | 12 யூலை 2025

வாழ்த்துகள் தங்கச்சி. நான் 2019 இல் போனேன், தென் ஜேர்மனிப் பக்கம். இரண்டு குடும்பத்தில் இருந்தேன். இரண்டு என்று சொன்னதிலேயே உனக்கு விசயம் விளங்கியிருக்கும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து முன்னால் வை. ஓ-பேர் என்பது பிரெஞ்சுச் சொல், சமமாக என்று அர்த்தம். வீட்டில் ஒரு ஆளாக இருந்து பிள்ளைகளைப் பார்ப்பது, சின்னச் சின்ன வீட்டு வேலைக்கு உதவுவது, அதற்குப் பதிலாக இருப்பிடமும் சாப்பாடும் கைச்செலவுக் காசும். ஜேர்மனியில் கிழமைக்கு 30 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. பின்னேரம் அவர்கள் வெளியே போய் நீ பிள்ளைகளுக்குக் காவலாக வீட்டில் இருந்தால் அதுவும் இந்த 30க்குள்தான். கைக்காசு மாதம் 280 யூரோ (என் காலத்தில் 260). மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ தனியாகத் தரவேண்டும். காப்புறுதி அவர்கள் செலவு. வருசத்துக்கு நாலு கிழமை விடுமுறை. உனக்கென்று கதவு பூட்டுகிற அறை, 8 சதுர மீட்டருக்குக் குறையாமல். விமான டிக்கெட் பொதுவாக நம்முடைய தலையில்தான்.

280 யூரோ என்றால் இப்போதைய விலைக்கு ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வரும். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குக் காசு அனுப்பலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். அங்கே அது பஸ் காசுக்கும் ஒரு ஜக்கெட்டுக்கும் சரி.

என் முதல் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர் என்றார்கள், உண்மை. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு மூன்று மாடி துடைக்கவேண்டும், யன்னல் கழுவவேண்டும், தகப்பனின் சேட் அயன் பண்ணவேண்டும். ஒரு கிழமை கூட்டிப் பார்த்தேன், 46 மணித்தியாலம். கேட்க வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பெரியவர்கள் வேலை செய்யும்போது கதிரையில் இருந்தால் நமக்குக் குற்றமாக இருக்கும். அவர்கள் கேட்கமுதல் நானே தும்புத்தடியைத் தூக்கினேன். பிறகு அது என் வேலையாகப் போய்விட்டது. மூன்றாம் மாதம் வீடு மாறினேன். மாறலாம், அதை ஞாபகம் வைத்திரு. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலத்தை வேறு குடும்பத்தில் முடிக்கலாம்.

இரண்டாவது வீட்டு அம்மா இன்றைக்கும் என் பிறந்தநாளுக்குக் காட் போடுகிறா.

கூப்பிடுவது பற்றி: பெயர் சொல்லித்தான். வாய் கூசும். அன்ரி என்று கூப்பிட்டால் அவர்களுக்கு விளங்காது, விளங்கினாலும் தங்களைக் கிழவியாக்கியதாக நினைப்பார்கள்.


ஓய்வுபெற்ற_சீனக்குடா | 13 யூலை 2025

நான் இதில் வேறு கருத்து உள்ளவன். கோபிக்கவேண்டாம்.

பெயரை மாற்றினால் தொழில் மாறுமா? அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு தீத்தி, அடுத்தவன் வீட்டைக் கூட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. மூதூர், கிண்ணியா, தோப்பூர் என்று இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் அந்த வேலைக்குப் போகாத தெரு இல்லை. என் தங்கை 1989 இல் குவைத்துக்குப் போனவள். அடுத்த வருசம் ஓகஸ்ட் 2 ஈராக் புகுந்தது. அவளுடைய கடவுச்சீட்டு வீட்டுக்காரனின் இரும்பு அலுமாரிக்குள். அவன் குடும்பத்தோடு ஓடிவிட்டான். பூட்டிய அலுமாரி, ஆளில்லாத வீடு. மற்றப் பெண்களோடு சேர்ந்து பாலைவனம் கடந்து ஜோர்தானுக்குப் போய், கூடாரத்தில் கிடந்து, வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் நின்றவளை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தத் தாய் பயப்படுவதில் பிழை இல்லை. படித்த பிள்ளை, முன்பள்ளியில் ரீச்சராக இருந்த பிள்ளை, ஏன் இப்படி?


டச்சுபே_தம்பி | 13 யூலை 2025

ஐயா, ஜேர்மனியும் குவைத்தும் ஒன்றா?


ஓய்வுபெற்ற_சீனக்குடா | 13 யூலை 2025

தம்பி, பூட்டிய அலுமாரி எல்லா நாட்டிலும் இருக்கிறது.


பாலையூற்று_அக்கா | 13 யூலை 2025

ஐயா சொல்வதில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள் தங்கச்சி. கடவுச்சீட்டு உன் கையை விட்டுப் போகக்கூடாது. "பத்திரமாக வைக்கிறோம்" என்று அன்பாகக் கேட்டாலும் இல்லை என்று சொல். அன்பாகக் கேட்பவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம், அதனால் இங்கேயே பழகிக்கொண்டு போ. அவசரத்துக்கு 112, பொலிஸுக்கு 110. பெண்களுக்கென்று 116 016 என்ற இலக்கம் இருக்கிறது, 24 மணித்தியாலமும், காசில்லாமல். மூன்றையும் போனில் போடுவதோடு ஒரு தாளிலும் எழுதி அம்மாவிடம் கொடு.

ஆனால் ஐயா, வேலைக்காரி என்ற சொல்லை அவள் முகத்தில் எறிய வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் நான் போனேன், சொந்தப் பெரியம்மாவிடம்.


உப்புவெளி_பிள்ளை | 13 யூலை 2025

ஐயா, உங்கள் தங்கச்சியின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அது மட்டும் என்னால் முடியாது. மற்றதெல்லாம் எழுதி வைத்தேன்.

ஏன் போகிறேன் என்று கேட்டீர்கள். முன்பள்ளியில் எனக்கு மாதம் கிடைத்தது 8,000. ஓ-பேர் ஒரு வருசம்தான், அதை நீட்ட முடியாது. அதற்குள் பி1 (நடு மட்ட ஜேர்மன்) முடித்தால் பிறகு அங்கேயே தொண்டர் சேவை ஆண்டோ, தாதியர் பயிற்சியோ விண்ணப்பிக்கலாம். எனக்குக் கணக்கு இருக்கிறது ஐயா.


கிண்ணியா_மணல் | 14 யூலை 2025

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் மாமி மகளுக்கும் இந்த யோசனை வந்திருக்கிறது, அதனால் இழையை விடாமல் பார்க்கிறேன். ஸ்காஃப் போடுவதும் ஹலாலும் அங்கே எப்படி? டவுனில் ஒரு ஏஜென்சி ஆறு இலட்சம் கேட்கிறது, பாதி முற்பணம். நியாயமா?


பாலையூற்று_அக்கா | 14 யூலை 2025

ஆறு இலட்சமா! ஜேர்மன் சட்டப்படி, ஓ-பேருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற முகவர் அந்தப் பிள்ளையிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக்கூடாது. 150 எங்கே, ஆறு இலட்சம் எங்கே. பயண டிக்கெட், வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வீசாவுக்கு 75 யூரோ என்று எல்லாவற்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள், பாருங்கள்.

ஸ்காஃபும் சாப்பாடும் சுயவிபரத்திலேயே எழுதவேண்டிய விசயம். பன்றி சாப்பிடமாட்டேன் என்பதையும், அதைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுப்பாளா இல்லையா என்பதையும் நேராக எழுதட்டும். ஒத்துவராத குடும்பம் அப்போதே விலகிவிடும். அது லாபம். மூன்றாம் வீடியோவில் வெட்கப்பட்டு மறைத்ததை முதலாம் இரவுச் சாப்பாட்டு மேசையில் சொல்லவேண்டி வந்தால்தான் கஷ்டம்.


ஹாம்_வாசி | 14 யூலை 2025

தங்கச்சி போகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் இருக்கிறேன். சோஸ்டிலிருந்து ஹாமுக்கு ரயிலில் அரை மணி கூட எடுக்காது.

நான் வந்தது 1985 இல். கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, சுரங்க ரயிலில் மேற்குக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். எங்களை எதிர்பார்த்துப் பெயர்ப் பலகையோடு யாரும் நிற்கவில்லை. அகதி விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். முதன்முதலாக ஒரு ஜேர்மன் வீட்டுக்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிடப்பட்டது வந்து நாலாம் வருசம். அதனால் வந்திறங்கும் முதல் நாளே ஒரு குடும்பத்தின் மேசையில் உனக்கொரு கதிரை இருக்கிறது என்பதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

இங்கே சிலர் கேட்கிறார்கள், "எங்கள் தமிழ்ச் சனத்திடமே பிள்ளையை ஓ-பேராகக் கூப்பிடலாமே" என்று. முடியாது. வீட்டில் ஜேர்மன் பேசினாலும் அது தாய்மொழியாக இல்லாவிட்டால், தங்கள் சொந்த நாட்டிலிருந்து ஓ-பேர் எடுக்க அனுமதி இல்லை. உறவுக்காரரும் கூடாது. என் அண்ணன் மகளைக் கூப்பிடப் பார்த்து நானே படித்த பாடம்.

இனி பெட்டி. கருவாடு தாராளமாகக் கொண்டு வரலாம், மீன் வகை 20 கிலோ வரைக்கும் ஐரோப்பாவுக்குள் விடுவார்கள். இறைச்சி, பால், நெய், தயிர் கூடாது. கந்தளாய்த் தயிர்ச் சட்டியோடு வந்த ஒருவரை எனக்குத் தெரியும், சட்டி மட்டும் வீடு வந்தது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், 2019 டிசம்பரிலிருந்து எல்லாப் பச்சை இலை, காய், பழத்துக்கும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாமல் விடுகிறது ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், துரியான். தேங்காய்க்காவது கதவு திறந்திருக்கிறது!

திருநீற்றைக் கைப்பையில் பொலித்தீனில் கட்டி வைக்காதே பிள்ளை. வெள்ளைத் தூள். பெரிய பெட்டிக்குள் போடு.

ஹாமில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002 இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். அம்மாவுக்குப் படம் காட்டு. ஞாயிற்றுக்கிழமையில் வா, சோறு இருக்கும்.


பாலையூற்று_அக்கா | 15 யூலை 2025

அண்ணா, கோபிக்காதீர்கள், முதல் இரண்டு மாதம் அவளைக் கோயிலுக்குக் கூப்பிடாதீர்கள். நான் முதல் மாதமே தமிழ்க் குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு முழுக்க அவர்கள் வீட்டில், கிழமை முழுக்க ஞாயிறு எப்போது வரும் என்று. மொழி அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் என்ன நடந்தாலும் "தமிழ் வீட்டில் இப்படி இருக்காது" என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.


ஹாம்_வாசி | 15 யூலை 2025

தனிமையில் கிடந்து பைத்தியம் பிடிப்பதை விட மொழி ஒரு மாதம் பிந்தினால் குற்றமில்லை. மார்கழியில் பின்னேரம் நாலரைக்கு இருட்டும் தங்கச்சி. நீங்கள் இருந்த தெற்கில் வெயிலாவது எட்டிப் பார்க்கும். இங்கே சாம்பல்.


டச்சுபே_தம்பி | 15 யூலை 2025

இரண்டு பேரும் சண்டை பிடிக்கும் இடைவெளியில் முக்கியமான கேள்வி: கட்டுநாயக்கவுக்கு எப்படிப் போகிறீர்கள்? இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய்ப் பெட்டி இழுக்கிறதா, வான் பிடிக்கிறதா?

வான் என்றால் பகலில் வெளிக்கிடுங்கள். ஹபரணைப் பக்கம் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும், அது தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கையில் "எனக்குப் பிளைட் இருக்கு" என்று சொல்ல முடியாது. ரயிலும் தப்பவில்லை, இந்தப் பெப்ரவரியில் அங்கேதான் ரயில் மோதி ஆறு யானை செத்தது. குருநாகல் வழியாக ஆறு மணித்தியாலம் என்று வையுங்கள். இன்னொன்று, வானில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். அழுகிற ஆட்கள் கூடக் கூடப் பெட்டி வைக்க இடம் குறையும்.


உப்புவெளி_பிள்ளை | 20 ஓகஸ்ட் 2025

நாளன்றைக்குப் பயணம். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் (குவைத் தவிர). கோயில் படத்தைப் பார்த்தபிறகு கொஞ்சம் இறங்கி வந்தா. "அங்கையும் காமாட்சி இருக்கிறா எண்டா சரி" என்றா. ஆனாலும் கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறா, என்ன நேர்த்தி என்று சொல்லமாட்டாவாம்.

பெட்டியை அப்பாவின் மீன் தராசில் தொங்கவிட்டு நிறுத்தோம். கொளுக்கியில் மாட்டி முகட்டு மரத்தில் தூக்கினார். கூடிப்போனதை எடுக்கச் சொன்னபோது அம்மா மிளகாய்த்தூளை எடுக்கவில்லை, என்னுடைய இரண்டு சட்டையை எடுத்தா.


உப்புவெளி_பிள்ளை | 7 செப்ரெம்பர் 2025

வந்து சேர்ந்து இரண்டு கிழமை. நேரம் கிடைத்தது இன்றைக்குத்தான். ஞாயிறு, கடை எல்லாம் பூட்டு, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் ஊரடங்குச் சட்டம் போட்டால்தான் இப்படி இருக்கும்.

பயணத்தைச் சொல்கிறேன். வானில் பதினொரு பேர். (தம்பி, மன்னிக்கவும்.) அப்பா விமான நிலையம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. உள்ளே போகும் கதவடியில் ஒரு ஐயாயிரம் ரூபாத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்தார். அங்கே செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் வைத்திருக்கிறேன்.

டோஹாவில் ஒரு பெரிய மஞ்சள் கரடிப் பொம்மை இருக்கிறது, வீடு அளவு. அதுக்குக் கீழே இருந்து புட்டு சாப்பிட்டேன். பிராங்பேர்ட்டில் முத்திரை குத்துகிறவர் ஜேர்மனில் ஏதோ கேட்டார். வகுப்பில் படித்ததெல்லாம் ஓடிவிட்டது. "ஓ-பேர்" என்று மட்டும் சொன்னேன், "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார், அது விளங்கியது! இரண்டு விரலைக் காட்டினேன். சிரித்துவிட்டுக் குத்தினார்.

விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம். ஜேர்மன் ரயில் மணிக்கூட்டைப் போல என்று யார் சொன்னது? 50 நிமிசம் பிந்தியது, ஹாமில் மாறவேண்டிய ரயில் போய்விட்டது. ஆனால் மேடையில் தாயும் தகப்பனும் பிள்ளைகளோடு நின்றார்கள், ஹாமுக்கே காரில் வந்துவிட்டார்கள். கையில் என் பெயரைத் தமிழில் எழுதிய மட்டை. இணையத்தில் பார்த்துக் கீறியிருக்கிறார்கள், ஒரு எழுத்து தலைகீழ். நான் அழுததைப் பார்த்து அந்த மூன்று வயதுப் பொடியன் தன் வாயில் இருந்த பிஸ்கட்டின் மிச்சத்தை எனக்குத் தந்தான்.

பெட்டிக் கைபிடியில் மீன் தராசின் வாடை. காருக்குள் மூத்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "என்ன இது?" என்றாள். "என் அப்பா" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அக்கா சொன்னது சரி, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வகுப்பில் 'ஸீ' என்று மரியாதையாகப் படித்தேன், இங்கே வந்தால் 'டூ' என்று சொல்லச் சொல்கிறார்கள். என் அம்மாவின் வயதுக்குக் கிட்ட வருகிற மனிசியை நீ என்று சொல்ல நாக்கு புரளவில்லை. முதல் மூன்று நாள் பெயரும் சொல்லாமல், நீயும் சொல்லாமல், பக்கத்தில் போய் நின்று செருமினேன். நாலாம் நாள் அவ குசினியில் கறிச்சட்டியைத் தூக்கும்போது கைப்பிடி சுடப்போகிறது என்று கண்டு வாய் தானாகப் பெயரைக் கத்திவிட்டது. அதோடு சரி.

இன்னொரு விசயம். மூத்தவள் முதலாம் வகுப்புக்குப் போனாள், நான் வந்த ஐந்தாம் நாள். இங்கே அன்றைக்குப் பிள்ளை தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் கூம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும், உள்ளே இனிப்பும் பென்சிலும். தாய் அதைத் தானே வெட்டி ஒட்டியிருந்தா. எனக்கு விஜயதசமிக்கு அப்பாவின் மடியில் இருந்து அரிசியில் எழுதினது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். உடனே அரிசி வந்தது, தட்டு வந்தது. மேசை முழுக்க 'அ'. இரவுச் சாப்பாடு பாணும் சீஸும்தான், தினமும். குளிர்ந்த பாண். அதுக்குச் சம்பல் இல்லாமல் எப்படி இறங்குகிறது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் இரண்டு கிழமைக்குள் பதியவேண்டும் என்பதால் போன செவ்வாய் கூட்டிப் போனார்கள். கடவுச்சீட்டு என் அலுமாரியில். ஐயாவுக்காகச் சொல்கிறேன்.


ஓய்வுபெற்ற_சீனக்குடா | 8 செப்ரெம்பர் 2025

மகள், வாசித்தேன். மட்டையில் பெயர் எழுதிக்கொண்டு நின்றார்கள் என்பது நல்லது. மணித்தியாலத்தை எழுதிக்கொண்டு வா. ஒரு கொப்பியில், திகதி போட்டு.


கிண்ணியா_மணல் | 9 செப்ரெம்பர் 2025

பிரித்து எழுதித் தரச் சொன்னோம். ஏஜென்சிக்காரர் கோபப்பட்டார். மாமி மகள் இப்போது அவர்களை விட்டுவிட்டுத் தானே குடும்பம் தேடுகிறாள். ஸ்காஃபோடு எடுத்த படத்தைத்தான் போட்டிருக்கிறாள்.


உப்புவெளி_பிள்ளை | 2 நவம்பர் 2025

கொப்பி உதவியது ஐயா.

ஒக்ரோபரில் இங்கே இரண்டு கிழமை பள்ளி விடுமுறை. இரண்டு பிள்ளைகளும் நாள் முழுக்க வீட்டில், பெரியவர்களுக்கு லீவு இல்லை. முதல் கிழமை 41 மணித்தியாலம். யாரும் கெட்டவர்கள் இல்லை. "இன்னும் ஒரு அரை மணி" என்று போனில் சொல்வார்கள், அரை மணி இரண்டு மணியாகும். நான் வழக்கம் போலச் சரி, சரி என்றேன். நாட்டில் இருக்கும்போது அக்கா எழுதியதை வாசித்து, "நான் என்றால் கேட்டிருப்பேன்" என்று நினைத்தவள் நான்தான்.

சனிக்கிழமை பிள்ளைகள் படுத்தபிறகு கொப்பியை மேசையில் வைத்தேன். என் ஜேர்மன் அவ்வளவு கதைக்கப் போதாது, எண்கள் கதைத்தன. பிள்ளைகளின் தாய் ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டே இருந்தா. முகம் சிவந்தது. எனக்குக் கை நடுங்கியது, வான்காரனுக்குப் போன் பண்ணிவிடலாமா என்று பைத்தியம் மாதிரி ஒரு யோசனை. பிறகு அவ கேட்டா: "ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் முழுவதையும் விளங்கப்படுத்தவேண்டும், இரவு பத்து மணிக்கு அது முடியுமா? "தெரியவில்லை" என்றேன். 11 மணித்தியாலத்தைக் கழித்து அடுத்த கிழமை இரண்டு நாள் முழு லீவு தந்தார்கள். இப்போது குளிரூட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, என் மணித்தியாலத்தை அவவே அதில் எழுதுகிறா.

அந்த இரண்டு நாளில் ஒன்றில் ஹாம் கோயிலுக்குப் போனேன். அக்கா சொன்ன இரண்டு மாதம் முடிந்துவிட்டது, கணக்குச் சரி! அண்ணன் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். மூன்றாந்தரம் போட்டபோது அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை, கேட்காமலே போட்டா.


பாலையூற்று_அக்கா | 2 நவம்பர் 2025

"ஏன் முதல் நாளே சொல்லவில்லை" என்பதை வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் முதல் வீட்டிலும் நான் ஒருநாளும் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. 46 மணித்தியாலம் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்திருக்கும். ஆனாலும்.


ஓய்வுபெற்ற_சீனக்குடா | 3 நவம்பர் 2025

என் தங்கைக்கு இந்த இழையை நேற்று வாசித்துக் காட்டினேன். குளிரூட்டிக் கதவில் தாள் ஒட்டியதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.


ஹாம்_வாசி | 3 நவம்பர் 2025

அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டி வா. மூத்தவளுக்கு மான் படம் காட்டியிருக்கிறாயாம், திருகோணமலையில் மான் கடைக்கு முன்னால் நின்று பொலித்தீன் தின்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.


உப்புவெளி_பிள்ளை | 4 நவம்பர் 2025

கோட்டையடிக்குப் போய் ஒரு வீடியோ எடுத்துப் போட யாராவது இருக்கிறீர்களா? தம்பி?

அவசரமான கேள்வி வேறு. ஹாம் அண்ணா தந்த தேங்காயை மூத்தவளின் முன்னால் கத்தி முதுகால் இரண்டாகப் பிளந்தேன். கைதட்டினாள். அதற்குப் பிறகுதான் திருவலை இல்லை என்பது ஞாபகம் வந்தது. சீஸ் துருவுகிற தட்டில் தேய்த்தோம். அரைத் தேங்காய்க்கு முக்கால் மணி, தகப்பனின் விரலில் கொஞ்சம் தோல். ஆனால் சம்பல் வந்தது, மாசிக் கருவாடு போட்டு. பாணுக்குத் தடவி மூன்று துண்டு சாப்பிட்டார்கள். பொடியன் மட்டும் தண்ணீர், தண்ணீர் என்று ஓடினான்.

இதைக் கேட்டதிலிருந்து அப்பா எங்கள் வீட்டுத் திருவலையைத் தபாலில் அனுப்ப நிற்கிறார். நாக்கைக் கழற்றிவிட்டுப் பலகையோடு மூன்று கிலோ, மீன் தராசில் நிறுத்துப் பார்த்தாராம். அது வேண்டாம். நத்தாருக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மேசையில் பூட்டுகிற சின்னத் திருவலை ஒன்று வேண்டும். பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.